சிலுவை உணர்த்தும் பொருள்

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ரோமப் பேரரசின் வரலாற்றை நான் கற்பித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஐயா, சிலுவை என்பது ஆளைக் கொல்லும் மரம் என்று இப்பொழுதுதான் சொன்னீர்கள். தூக்குமரத்தைக் கோபுரத்தின் மேல் வைத்து யாராவது கும்பிடுவார்களா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. முன்வரிசையில், கழுத்தில் சிறு சிலுவை அணிந்திருந்த ஒரு மாணவன் மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான், "ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு சின்னம் உண்டு; இது அவர்களுடைய சின்னம்; உட்கார்" என்று கூறிவிட்டுப் பாடத்தை மேலே நடத்தினேன்.

அது விடை அன்று என்பது அப்பொழுதே எனக்குத் தெரியும். கேட்டவன் குறும்புக்காரன், ஆனால் கேள்வி குறும்பானது அன்று. ஒரு கொலைக்கருவி எவ்வாறு வணக்கத்திற்கு உரியதாயிற்று என்பது உலக வரலாற்றின் வியப்பான நிகழ்ச்சிகளுள் ஒன்று. தலை கவிழ்ந்த மாணவனுக்கும் அதற்கு விடை தெரிந்திருக்காது என்றே எண்ணுகிறேன். தெரிந்திருந்தால் அவனே எழுந்து சொல்லியிருப்பான். நான் கிறிஸ்தவ சமயத்தில் பிறந்தவன் அல்லன். அதைத் தழுவியவனும் அல்லன். எனவே இன்று நான் நிகழ்த்தப் போவது பிரசங்கம் அன்று. ஒரு நம்பிக்கையை அந்நம்பிக்கை உடையோர் எப்பொருளில் கொள்கின்றனர் என்பதை வெளியே நின்று நேர்மையாக அறிய முயன்ற ஆசிரியன் ஒருவனுடைய பேச்சு. காலம் கடந்து தரும் விடை.

சிலுவையை இன்று நாம் பொன்னிலும் வெள்ளியிலும் காண்கிறோம். அதன் பொருளை அறிய வேண்டுமானால் அப்பொன்னையும் வெள்ளியையும் முதலில் மறந்துவிட வேண்டும். ரோமர் காலத்தில் அது வெறும் மரம். அதில் அறையப்பட்டவர்கள் பெரும்பாலும் அடிமைகள், கலகக்காரர்கள், கொள்ளையர்கள், குடியுரிமை அற்ற எளியவர்கள். ரோமக் குடிமகனுக்கு இத்தண்டனை பொதுவாக விதிக்கப்படுவதில்லை. நாவலரான சிசரோ கி.மு. 63-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் வாதாடியபோது, அச்சொல்லே ஒரு ரோமக் குடிமகனை அணுகலாகாது என்னும் கருத்துப்பட முழங்கினார். உயர்குடியினர் விருந்தில் பேசக்கூடாத சொல் அது.

ஸ்பார்ட்டக்கஸ் என்ற அடிமைவீரன் தலைமையில் எழுந்த கிளர்ச்சியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அது கி.மு. 71-இல் அடக்கப்பட்டபோது, பிடிபட்ட அடிமைகளுள் ஏறத்தாழ 6,000 பேரை, காப்புவா நகரிலிருந்து ரோமாபுரி வரையில் ஆப்பியன் சாலை நெடுகிலும் கிராசஸ் என்ற தளபதி சிலுவையில் அறையச் செய்தான். அச்சாலையின் தொலைவு சுமார் 200 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30, 35 மீட்டருக்கு ஒரு சிலுவை. இத்தண்டனையின் நோக்கம் உயிரை வாங்குவது மட்டும் அன்று என்பது இதிலிருந்து விளங்கும். உயிரை வாங்க ஒரு வாள்வீச்சு போதும். வழியில் செல்வோர் அனைவரும் காணுமாறு, ஆடை களைந்து, நாட்கணக்கில் துடிக்கவிட்டு, "இவன் மனிதனே அல்லன்" என்று ஊருக்கு அறிவிப்பதே அதன் நோக்கம். பெரும்பாலும் உடலை அடக்கம் செய்யவும் விடமாட்டார்கள், பறவைகளுக்கு விட்டுவிடுவார்கள்.

ரோமரின் ஆட்சியில் இருந்த யூதேயா நாட்டில் இக்காட்சி புதிதன்று. கி.மு. 4-ஆம் ஆண்டில் அங்கு எழுந்த கலகத்தை அடக்கிய வாரஸ் என்ற ஆளுநர் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 70-இல் எருசலேம் முற்றுகையிடப்பட்டபோது நாள்தோறும் 500 பேர் வரை அறையப்பட்டனர் என்றும், சிலுவைகளுக்கு இடமும் உடல்களுக்குச் சிலுவைகளும் இல்லாமற்போயின என்றும் அவரே கூறுகிறார். அந்த யோசேப்பஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ள ஒரு சிறு செய்தி என் நெஞ்சை விட்டு அகலாதது. அவர் ஒருநாள் வெளியே சென்று திரும்பும்போது, சிலுவைகளில் தொங்கியவர்களிடையே தமக்கு அறிமுகமான மூவரைக் கண்டார். படைத்தலைவன் டைட்டஸிடம் கண்ணீருடன் ஓடி வேண்டினார். மூவரும் இறக்கப்பட்டனர், மருத்துவம் செய்யப்பட்டது. இருவர் இறந்தனர், ஒருவர் பிழைத்தார்.

இவ்வாறு ஆயிரக்கணக்கானோர் மடிந்தும், மண்ணுக்குள்ளிருந்து நமக்குக் கிடைத்த சான்றுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1968-ஆம் ஆண்டில் எருசலேமின் வடகிழக்கே ஒரு பழைய கல்லறையைத் திறந்தபோது, யெகோகானான் என்று பெயர் பொறித்த ஓர் எலும்புப் பேழை கிடைத்தது. அதனுள் ஒரு குதிகால் எலும்பு. அதில் சுமார் 11 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பாணி. ஆணியின் முனை வளைந்திருந்ததால் அதைப் பிடுங்க முடியாமல் காலோடு சேர்த்தே புதைத்துவிட்டார்கள். 2017-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே அகழ்ந்த ஒரு கல்லறையிலும் ஆணி பாய்ந்த குதிகால் ஒன்று கிடைத்து, 2021-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருவரும் யார், என்ன குற்றம் செய்தனர் என்பதற்குக் குறிப்பு ஏதும் இல்லை. சிலுவையில் மாண்டவர்களுடைய வரலாறு பொதுவாக அவ்வளவுதான். அவர்கள் மறக்கப்பட வேண்டும் என்பதே தண்டனையின் ஒரு பகுதி.

அவர்களுள் ஒருவர் மட்டும் மறக்கப்படவில்லை. நாசரேத்தூர் இயேசு, திபேரியு பேரரசனின் காலத்தில், பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்டபோது சிலுவையில் அறையப்பட்டார். ஆண்டு கி.பி. 30 அல்லது 33 என்பர். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை அந்நாட்டின் ஆளுநன். அவன் பெயரும் பதவியும் பொறித்த கல் ஒன்று 1961-இல் செசரியாவில் அகப்பட்டது. கிறிஸ்தவர்களைச் சற்றும் விரும்பாத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அச்சமயத்தைத் தோற்றுவித்தவர் பிலாத்துவால் மரண தண்டனை பெற்றவர் என்று எழுதிவைத்தார். அவர் இகழ்ச்சியாக எழுதியதே நமக்குச் சான்றாகிறது. சுவிசேஷங்கள் கூறுவதைக் கேட்டால், காட்டிக்கொடுத்தவன் உடன் உண்டவன், மறுதலித்தவன் முதற்சீடன், மற்றவர்கள் ஓடிவிட்டனர். சற்றுத் தொலைவில் நின்று கடைசி வரை பார்த்தவர்கள் பெண்கள். தம் ஆசானின் முடிவையும் தம்முடைய கோழைத்தனத்தையும் இப்படி ஒளிக்காமல் எழுதிவைத்த சீடர் கூட்டம் வேறு உண்டோ, நான் அறியேன்.

அச்சீடர்களின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இயேசுவை மேசியா என்று, அதாவது தம் இனத்தை மீட்க இறைவன் அனுப்பிய அரசர் என்று அவர்கள் நம்பினார்கள். மேசியா எதிரியை வெல்ல வேண்டியவர். எதிரியின் கையால் சாக வேண்டியவர் அல்லர். அதிலும் மரத்தில் தொங்கவிடப்பட்டவன் இறைவனின் சாபத்திற்கு உள்ளானவன் என்பது உபாகமம் என்னும் அவர்களுடைய மறைநூலின் கருத்து. ரோமருக்கு அவமானம், யூதருக்குச் சாபம். இவ்விரண்டையும் ஒருங்கே சுமந்து இறந்த ஒருவரை ஆண்டவர் என்று யாரிடம் போய்ச் சொல்வது? மறைத்துவிடுவதே அறிவுடைமை என்று நாம் எண்ணுவோம். பவுல் அப்படி எண்ணவில்லை. இயேசு இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆவதற்குள் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய நிருபத்தில், தாம் அறிவிப்பது யூதருக்கு இடறலாகவும் கிரேக்கருக்குப் பைத்தியமாகவும் படும் என்பதை அவரே முதலில் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு, அதையே அறிவிக்கிறார்.

ஏன்? பிலிப்பி நகரத்தாருக்கு அவர் எழுதிய நிருபத்தைப் படித்தால் அதற்கு விடை கிடைக்கிறது. பிலிப்பி ரோமப் படைவீரர்கள் குடியேறிய ஊர். பட்டமும் பதவியும் பெரிதெனக் கருதிய ஊர். அவ்வூரார்க்கு அவர் கூறுவதன் சாரம் இது: இறைத்தன்மை உடையவர் அதைப் பற்றிக்கொண்டிராமல் அடிமையின் வடிவம் கொண்டார், சாவு வரையில், அதுவும் சிலுவைச் சாவு வரையில், தம்மைத் தாழ்த்தினார், ஆகவே இறைவன் அவரை உயர்த்தினார். "அடிமை" என்ற சொல்லும் "சிலுவை" என்ற சொல்லும் அருகருகே நிற்பது தற்செயல் அன்று. சிலுவை அடிமையின் சாவு. மனிதர் வகுத்த படிகளில் ஆகக் கீழ்ப்படி எதுவோ அதுவரையில் இறைவன் இறங்கிவந்தார் என்பதே பவுல் கண்ட பொருள். அரண்மனையில் இறந்திருந்தால் இப்பொருள் பிறந்திராது. ஆப்பியன் சாலையில் தொங்கிய 6,000 பேரின் வரிசையில் இறைவனும் நின்றார் என்றால், அந்த வரிசையில் நின்ற எவனையும் "இவன் மனிதனே அல்லன்" என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? முதல் நூற்றாண்டின் அடிமைகளும் எளிய கைத்தொழிலாளரும் இச்செய்தியை ஆவலுடன் கேட்டதில் வியப்பில்லை.

ஆனால் மற்றவர்கள் சிரித்தார்கள். அச்சிரிப்புக்கு ஒரு சான்று இருக்கிறது. மாணவர்களாகிய உங்களுக்காகவே அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ரோமாபுரியில் பாலட்டைன் குன்றின் மேல் பேரரசரின் மாளிகைகள் இருந்தன. அங்கே, அரண்மனை ஏவல் சிறுவர்கள் பயிற்சி பெற்ற இடம் என்று கருதப்படும் கட்டடம் ஒன்று உண்டு. ஒருவகையில் அது ஒரு பள்ளிக்கூடம். 1857-ஆம் ஆண்டில் அதன் ஓர் அறையின் சுவரில், சாந்தில் ஆணியால் கீறிய ஒரு படத்தைக் கண்டெடுத்தார்கள். ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்ததாகலாம். சிலுவையில் ஒருவன் தொங்குகிறான். அவனுக்குக் கழுதைத் தலை. கீழே ஓர் இளைஞன் கையை உயர்த்தி வணங்கி நிற்கிறான். பக்கத்தில் கிரேக்க மொழியில், அலெக்சமெனோஸ் தன் கடவுளை வழிபடுகிறான் என்னும் பொருள்பட நாலைந்து கோணல் வரிகள். வினைச்சொல்லில் ஓர் எழுத்துப்பிழையும் இருக்கிறது. ஆசிரியத் தொழிலில் பழகிய கண்ணுக்கு அதுவே முதலில் படுகிறது! இயேசுவின் சிலுவை மரணத்தைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்றாக அறிஞர்கள் மதிப்பது, பக்தன் ஒருவன் பயபக்தியுடன் தீட்டியது அன்று. உடன் பயின்ற ஒருவன் கேலிக்காகக் கிறுக்கியது.

நாற்பது ஆண்டுக் காலத்தில் எத்தனையோ சுவர்க் கிறுக்கல்களை நான் அழிக்கச் சொல்லியிருக்கிறேன். இதை அழிக்காமல் விட்ட அந்நாளைய தலைமையாசிரியருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. என் வகுப்பில் எழுந்த கேள்வியும் சிரிப்பும் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தவை என்பதை இப்படத்தைப் பற்றிப் படித்த அன்றுதான் உணர்ந்தேன்.

அந்நாளைய கிறிஸ்தவர்களோ சிலுவைக் காட்சியைத் தாங்களாக வரையவில்லை என்றே சொல்லலாம். ரோமாபுரியின் சுரங்கக் கல்லறைகளில் மீனும் நங்கூரமும் ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பனுமே மிகுதி. தெருவில் உண்மைச் சிலுவையைக் கண்டவனுக்கு அதைச் சுவரில் தீட்ட மனம் வருமா? கி.பி. 312-இல் கான்ஸ்டன்டைன் போரில் வென்று, கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாளனாகி, பின்னர்ச் சிலுவைத் தண்டனையையே ஒழித்தான் என்று பழைய ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். அதன் பிறகு, அத்தண்டனையைக் கண்ணால் கண்ட தலைமுறைகள் மறைந்த பின்னர்தான், சிலுவைக் காட்சி வெளிப்படையாகச் சித்திரிக்கப்பட்டது. ரோமாபுரியில் புனித சபீனா ஆலயத்தின் மரக்கதவில், ஏறத்தாழ 430-இல் செதுக்கப்பட்ட காட்சியை இன்றும் காணலாம். அதில் இயேசு கண் திறந்து, கைகளை விரித்து, வேதனையின் சாயலே இன்றி நிற்கிறார். பின்னால் உள்ள மரம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுகூட இல்லை.

இதனிடையே, அந்த மரணத்தின் பொருள் யாது என்பதைக் கிறிஸ்தவ அறிஞர்கள் ஆராய்ந்து வந்தனர். நான்காம் நூற்றாண்டில் உருப்பெற்று, 381-ஆம் ஆண்டுக் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் விசுவாசப் பிரமாணம், அவர் பிலாத்துவின் காலத்தில் நமக்காக அறையப்பட்டார் என்று அறிக்கையிடுகிறது. இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். உலகின் பெருஞ்சமயங்களுள் ஒன்றின் அடிப்படை அறிக்கையில், ஒரு ரோம அதிகாரியின் பெயர் நிலைபெற்றுவிட்டது. ஏன்? நடந்தது கதை அன்று, இன்ன காலத்தில் இன்னார் ஆட்சியில் நடந்த நிகழ்ச்சி என்பதை வற்புறுத்தவே. மற்றொன்று "நமக்காக" என்பது. எவ்வாறு நமக்காக என்பதை அப்பிரமாணம் விளக்கவில்லை. பின்வந்த விளக்கங்கள் அனைத்தும் இந்த ஒரு சொல்லுக்கு எழுந்த உரைகள் எனலாம்.

தமிழிலும் இச்சொல் இரு பொருள் தரும். "தம்பிக்காகப் பழம் வாங்கினேன்" என்றால் அவன் நன்மையைக் கருதி என்பது பொருள். "தம்பிக்காக அபராதம் கட்டினேன்" என்றால், அவன் கட்ட வேண்டியதை அவனுக்குப் பதிலாக நான் கட்டினேன் என்பது பொருள். இவ்விரு பொருளிலும் கிறிஸ்தவர்கள் சிலுவையைக் காண்கிறார்கள். கான்டர்பரி பேராயரான ஆன்செல்ம், 1098-இல் முடித்த ஒரு நூலில் இரண்டாம் பொருளைத் தருக்க முறையில் நிறுவினார். மனிதன் தன் பாவத்தால் இறைவனுக்குச் செலுத்த வேண்டிய கடன் அளவிறந்தது, கடன்பட்டவன் மனிதன், செலுத்த வல்லவரோ இறைவன் ஒருவரே, எனவே இறைவனே மனிதனாகி அக்கடனைத் தீர்த்தார் என்பது அவர் வாதம். அவருக்கு அடுத்த தலைமுறையில் பாரிஸ் நகரத்து ஆசிரியர் அபெலார்ட் வேறொரு பக்கத்தைக் காட்டினார். தன் உயிரையும் கொடுக்கும் அன்பைக் கண்டவன் உள்ளத்தில் அன்பு மூள்கிறது. அவ்வாறு மூண்ட அன்பே மனிதனைப் பாவத்திலிருந்து விடுவிக்கிறது என்றார். கணக்கு வழக்காகக் கண்டவர் ஒருவர். காதலாகிக் கசிந்தவர் மற்றொருவர். திருச்சபை முழுமையும் ஏற்ற ஒரே விளக்கம் என எதையும் பொதுச் சங்கங்கள் விதிக்கவில்லை என்பது மாணவர்கள் குறித்துக்கொள்ளத்தக்கது.

இன்னொன்றையும் இங்கே கூறவேண்டும். விசுவாசிகளுக்குச் சிலுவை தனியே நிற்பதில்லை. பெரிய வெள்ளிக்கு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த ஞாயிறு. சாவைச் சாவாலேயே வென்றார் என்பது கீழ்த்திசைத் திருச்சபைகளின் நம்பிக்கை. நம் சென்னைப் பரங்கிமலைக் கோயிலில் 1547-இல் மண்ணிலிருந்து கிடைத்த பழங்கற்சிலுவை ஒன்று இருக்கிறது. பகலவி எழுத்துப் பொறித்த அச்சிலுவையில் மனித உருவம் இல்லை. மேலே இறங்கும் ஒரு புறா, அடியில் விரியும் இலைகள். பட்ட மரம் தளிர்த்தாற்போன்ற தோற்றம். மேலைநாட்டார் இங்கு வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே சிரியாக், பாரசீக மரபினர் கொண்டுவந்த கண்ணோட்டம் இது. "சிலுவை" என்ற தமிழ்ச்சொல்லும் அந்தச் சிரியாக் மொழியிலிருந்து வந்ததே.

நம் நாட்டில் சிலுவையை ஆழ்ந்து எண்ணிய பெரியார் காந்தியடிகள். 1931 டிசம்பரில், வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில், வத்திக்கானில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தைக் கண்டு உள்ளம் உருகி நின்றார். எனினும் தம் சத்திய சோதனையில், அம்மரணம் உலகுக்கு மாபெரும் எடுத்துக்காட்டு என்பதைத் தாம் ஏற்றபோதிலும், அதில் மறைபொருளான அற்புத ஆற்றல் உண்டென்பதைத் தம் உள்ளம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். என்னைப் போன்றவர்கள் நிற்பதும் அவ்விடத்திலேதான். ஆனால் விசுவாசியின் நிலை வேறு என்பதை நாம் மறக்கலாகாது. அவனுக்குச் சிலுவை பின்பற்றத்தக்க எடுத்துக்காட்டு மட்டும் அன்று. அவன் செய்யாததை, செய்ய இயலாததை, அவனுக்காக மற்றொருவர் செய்து முடித்துவிட்டார். எடுத்துக்காட்டு நம்மை முயலச் சொல்கிறது; முயன்று தோற்றவனுக்கு அது பழியாகவும் நிற்கக்கூடும். தோற்றவனுக்கும் மன்னிப்பு உண்டு என்பதுதான் அவன் சிலுவையில் கேட்கும் செய்தி. காந்தியடிகள் மிக நன்கு உணர்ந்தும் ஏற்காமல் விட்டது இதையே.

வரலாற்று ஆசிரியன் மறைக்கக்கூடாத பகுதி ஒன்றும் உண்டு. துணிச் சிலுவையை ஆடையில் தைத்துக்கொண்டு புறப்பட்ட சிலுவைப் போராளிகளுள் சிலர், 1096-இல் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தனர். 1099-இல் எருசலேமைக் கைப்பற்றியபோது அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் படுகொலை செய்தனர். கொல்லப்பட்டவரின் சின்னம் கொல்பவரின் கொடியாயிற்று. இயேசுவைக் கொன்ற பழியை யூத இனம் முழுவதன்மேலும் சுமத்தும் கொடுமை நூற்றாண்டுகளாக நீடித்தது. அறைந்தவர் ரோமர்; அறையப்பட்டவரோ யூதர்; அழுதவர்களும் யூதரே. அன்றிருந்த யூதர் அனைவர்மேலும், இன்றுள்ள யூதர்மேலும் அப்பழியைச் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. மிகக் காலந்தாழ்ந்த அறிவிப்பு என்பது என் கருத்து.

ஆனால் அதே நூற்றாண்டுகளில் துன்புற்றவர்களும் சிலுவையை விடவில்லை. கொலோன் நகரத் தலைமை ஆலயத்தில், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த பெரிய மரச்சிலுவை ஒன்று உண்டு. அதில் இயேசு கண்மூடி, தலை சாய்ந்து, உயிரற்றுத் தொங்குகிறார். வெற்றி வேந்தராக நின்றவர் இறந்த மனிதராகிவிட்டார். இதனினும் கடுமையானது, குரூனேவால்ட் என்ற ஓவியர் 1512-க்கும் 1516-க்கும் இடையில் இசன்ஹைம் என்ற ஊரின் மடத்திற்குத் தீட்டிய பீடச்சித்திரம். அந்த மடத்துத் துறவிகள் "அந்தோணியார் நெருப்பு" என்ற நோய்க்கு மருத்துவம் செய்தவர்கள். கம்பைப் போன்ற ஒரு தானியத்தின் கதிரில் பற்றும் நச்சுப் பூஞ்சையால் வரும் நோய் அது. உடல் தீயாய் எரியும். கைகால் அழுகி விழும். அங்கு வந்த நோயாளிகளை அச்சித்திரத்தின் முன்பு அழைத்து வருவார்கள். அதில் உள்ள இயேசுவின் உடல் அழகிய உடல் அன்று. தோலெங்கும் புண், விரல்கள் வலியில் முறுக்கி விரிந்திருக்கின்றன, நிறம் பச்சை பாய்ந்திருக்கிறது. தன் உடலைத் தானே காண அஞ்சிய நோயாளி, தன் உடலையே பீடத்தின் மேல் கண்டான். அவனுக்கு மருந்து இல்லாமற்போயிருக்கலாம், துணை இல்லாமற்போகவில்லை. கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் இச்சித்திரத்தின் அச்சுப்படியை நான் ஒரு நூலில் கண்டு, பக்கத்தைத் திருப்ப மாட்டாமல் இருந்தேன்.

அமெரிக்காவில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களும் இதையே கண்டார்கள். அவர்களுக்கு பைபிளைக் கொடுத்தவர்கள் பலர் அவர்களை விலைக்கு வாங்கியவர்களே. கீழ்ப்படிதலைக் கற்பிப்பதற்காகக் கொடுத்த அந்நூலில், சவுக்கால் அடிபட்டு மரத்தில் தொங்கிய ஒருவரை அவர்கள் கண்டு, தம்மவராக அறிந்து, பாட்டாகப் பாடினார்கள். விடுதலைக்குப் பின்னும் அம்மக்களுள் எத்தனையோ பேரை வெறிக்கும்பல்கள் மரங்களில் தொங்கவிட்டுக் கொன்றன. அந்த மரத்தையும் சிலுவை மரத்தையும் ஒருங்கே வைத்துக் காணாமல் அமெரிக்கக் கிறிஸ்தவர் சிலுவையை அறிய முடியாது என்று ஜேம்ஸ் கோன் என்ற இறையியலறிஞர் 2011-இல் ஒரு நூல் எழுதினார். பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய செய்தியை, 1,900 ஆண்டுகளுக்குப் பின் அடிமைகளின் வழித்தோன்றல் ஒருவர் படித்துக் காட்டினார் என்று சொல்லத் தோன்றுகிறது.

பாலட்டைன் குன்றின் சுவரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கேலிப்படம் கிடைத்துப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1870-இல், அதே கட்டடத்தின் அடுத்த அறையில் வேறொரு கீறலைக் கண்டார்கள். படம் இல்லை, கையெழுத்தும் வேறு. அலெக்சமெனோஸ் என்ற பெயர் கிரேக்க எழுத்தில் இருக்கிறது. அதை அடுத்து இலத்தீனில் ஒரு சொல். அதன் பொருள் "விசுவாசமுள்ளவன்" என்பது. அவனே எழுதினானோ, அவனை அறிந்த தோழன் எழுதினானோ, இரண்டே சொற்கள், எழுத்துப்பிழை இல்லை.